ஸ்பானிஷும் கெச்சுவாவும் கலக்கும் இடத்தில் ஆய்வு செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெருவின் மலைப்பகுதியில், குஸ்கோ பக்கம், 'ஹுவானின் வீடு' என்பதை ஸ்பானிஷில் 'சு காசா தே ஹுவான்' என்று சொல்வார்கள். பிரித்துப் பார்த்தால் 'ஹுவானுடைய அவனது வீடு'. பாடப்புத்தக ஸ்பானிஷில் 'லா காசா தே ஹுவான்' என்றாலே போதும், அந்த 'சு' அங்கே மிகை. பள்ளியில் இதைத் தப்பு என்று திருத்துவார்கள். ஆனால் அதே ஊரில் பேசும் பழங்குடி மொழியான கெச்சுவாவில் இது 'ஹுவான்பா வாசின்'. 'வாசி' என்றால் வீடு, கடைசியில் ஒட்டியிருக்கும் 'ன்' என்றால் அவனது. 'ஹுவானுடைய' என்று முன்னால் சொல்லிவிட்டாலும் பின்னால் அந்த 'ன்' வந்தே ஆக வேண்டும். அப்படியென்றால் மிகை என்று திருத்தப்படும் 'சு', கெச்சுவாவின் அந்த 'ன்' தானா?

ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மொழிகள் இவற்றுக்கு இடையிலான உறவை ஆராய ஆசைப்படுபவர்கள் அடிக்கடி கேட்பது 'எங்கே தொடங்குவது' என்பதுதான். பொதுவாகப் பதில் சொன்னால் யாருக்கும் உதவாது. அதனால் மேலே சொன்ன ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, தலைப்பு முடிவு செய்வதில் தொடங்கி பதிவுகளை ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது வரை ஒவ்வொரு படியாகப் போகலாம். உங்கள் தலைப்பு வேறாக இருந்தாலும் வழி இதேதான்.

படி 1: ஒரு ஊர், ஒரு கூறு

'ஸ்பானிஷில் பழங்குடி மொழிகளின் தாக்கம்' என்பது ஆய்வுத் தலைப்பே இல்லை. ஒரு ஆயுள் போதாது. பெருவில் மட்டும் 48 பழங்குடி மொழிகள் இருக்கின்றன. மெக்சிகோவின் பழங்குடி மொழிகள் நிறுவனம் 2008இல் வெளியிட்ட பட்டியலில் 68 மொழித் தொகுதிகளும் அவற்றுக்குள் 364 வகைகளும் உண்டு. கெச்சுவா என்று ஒரே பெயரில் சொல்வதே ஒரு மொழிக்குடும்பம். 1960களில் ஆல்ஃப்ரெதோ தொரேரோவும் கேரி பார்க்கரும் தனித்தனியாக ஆராய்ந்து அதை இரண்டு பெருங்கிளைகளாகப் பிரித்தார்கள். ஒரு கிளைக்காரர் பேசுவது மற்றக் கிளைக்காரருக்குப் பல நேரம் புரியாது.

எனவே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள், அங்கே ஒரு கூறைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டிஸ் ஈர்க்கவில்லையா? பராகுவேயைப் பாருங்கள். 1992 அரசியலமைப்பு குவாரனியை ஸ்பானிஷுக்குச் சமமான ஆட்சிமொழியாக்கியது. பழங்குடியினர் அல்லாதவர்களும் பெரும்பான்மையாகப் பழங்குடி மொழி பேசும் நாடு அது, இரண்டும் கலந்த பேச்சுக்கு 'ஹொபரா' என்று பெயரே இருக்கிறது. போர்ச்சுகீஸ் பக்கம் போக வேண்டுமென்றால் பிரேசிலின் ரியோ நெக்ரோ நதியோரம். அங்கே பேசும் நெயங்காத்து, கடற்கரையில் பேசப்பட்ட பழைய துப்பி மொழியின் வழிவந்தது. பாதிரியார்கள் வழியாக அமேசான் முழுக்கப் பரவி, 1757இல் போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் ஆட்சியின் ஆணை போர்ச்சுகீஸை மட்டுமே வலியுறுத்திய பிறகும் உயிரோடு இருந்து, 2002இல் சாவோ கப்ரியேல் தா கஷோயெய்ரா நகராட்சியில் துக்கானோ, பனிவா மொழிகளோடு சேர்ந்து ஆட்சிமொழி தகுதியும் பெற்றது. எழுதி முடியாத அளவுக்கு அங்கே வேலை இருக்கிறது.

நாம் குஸ்கோவோடு, அந்த 'சு'வோடு போவோம்.

படி 2: பழங்குடி மொழியை முதலில் படியுங்கள்

என் கருத்தில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் படி. இந்தத் துறையில் பலர் ஸ்பானிஷை நன்றாகப் படித்துவிட்டு, கெச்சுவாவை ஒரு இலக்கண நூலின் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் ஸ்பானிஷ்தான் அளவுகோல் ஆகிவிடும், மற்றதெல்லாம் அதிலிருந்து விலகியதாகத் தெரியும். 'சு காசா தே ஹுவான்' பிழையாகத் தெரிவதும் அதனால்தான். கெச்சுவாவில் சிந்திக்கத் தொடங்கிய பிறகு, 'லா காசா தே ஹுவான்' தான் எதையோ விட்டுவிட்டதுபோல் இருக்கும். அந்த நிலைக்கு வந்த பிறகு களத்துக்குப் போங்கள்.

தமிழ் பேசுபவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கெச்சுவாவும் ஒட்டுநிலை மொழி, வினை கடைசியில் வரும். நாம், நாங்கள் என்ற வேறுபாடு அங்கேயும் உண்டு: ஞோகஞ்சிஸ், ஞோகாய்கு. 'வந்தானாம்' என்பதில் வரும் 'ஆம்' போல, பிறர் சொல்லிக் கேட்டதைக் காட்ட 'சி' என்ற ஒட்டு உண்டு, நேரில் அறிந்ததற்கு 'மி', ஊகத்துக்கு 'சா'. ஐரோப்பிய மொழிக்காரர்கள் பக்கம் பக்கமாக விளக்கம் படித்துப் பிடிப்பதை நீங்கள் காதாலேயே பிடித்துவிடலாம். ஆனால் ஒத்திருக்கிறது என்பதற்காக இரண்டுக்கும் உறவு கற்பித்துக்கொண்டு கிளம்பாதீர்கள், அதற்கு ஆதாரம் கிடையாது. வேற்றுமையும் இருக்கிறது. 'ஹுவானின் வீடு' என்பதில் தமிழ் வீட்டின் மீது எந்த ஒட்டும் போடுவதில்லை. நம் ஆய்வுக்கு அந்த இடம்தான் முக்கியம்.

எங்கே படிப்பது? குஸ்கோவில் பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ் மையம் கெச்சுவா வகுப்புகள் நடத்துகிறது. லிமாவில் சான் மார்கோஸ் பல்கலைக்கழகமும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஸ்பானிஷைப் பொறுத்தவரை பேட்டி எடுக்கும் அளவுக்குப் பேச்சு வேண்டும், போர்ச்சுகீஸ் வாசிக்கும் அளவுக்கு இருந்தால் போதும். பிரேசில் அறிஞர்கள் எழுதியதைத் தவறவிட்டால் பாதித் துறை கண்ணில் படாது.

படி 3: பழைய நூல்களைத் திறங்கள்

1560இல் தோமிங்கோ தெ சாந்தோ தோமாஸ் என்ற துறவி வாயதோலித் நகரில் அச்சிட்டதுதான் முதல் கெச்சுவா இலக்கணம். மேலே சொன்ன நாம், நாங்கள் வேறுபாட்டை அவர் அதில் விளக்கியிருக்கிறார். 1584இல் லிமாவில் ஸ்பானிஷ், கெச்சுவா, அய்மாரா மூன்றிலும் ஒரு மறைக்கல்வி நூல் வந்தது, தென் அமெரிக்காவில் அச்சான முதல் புத்தகம் அது. அப்புறம் 1607, 1608இல் கொன்சாலெஸ் ஒல்கினின் இலக்கணமும் அகராதியும், 1612இல் பெர்த்தோனியோவின் அய்மாரா அகராதி. துப்பிக்கு அன்ஷியேத்தாவின் இலக்கணம் 1595இல் கோயிம்ப்ராவில் வந்தது, குவாரனிக்கு மொந்தோயாவின் அகராதி 1639இல். இதே அலையில்தான் அன்ரிக்கே அன்ரிக்கஸ் முத்துக்குளித்துறையில் இருந்துகொண்டு தமிழுக்குப் போர்ச்சுகீஸில் இலக்கணம் எழுதினார், 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சேற்றினார். போர்ச்சுகீஸ் படித்தால் அந்தக் கதவும் சேர்ந்து திறக்கும்.

இந்த நூல்களை நம்பவும் வேண்டும், சந்தேகப்படவும் வேண்டும். எழுதியவர்கள் லத்தீன் இலக்கணத்தில் ஊறியவர்கள், லத்தீனுக்கு எத்தனை வேற்றுமையோ அத்தனையைத் தேடினார்கள். நோக்கம் மதப் பிரசாரம், எனவே எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பாவமன்னிப்பையும் செபத்தையும் சுற்றியே இருக்கும். ஆனால் அன்றைய காதுகள் கேட்டதைப் பதிவு செய்தவை வேறு எங்கும் இல்லை.

நம் 'சு'வுக்கு இன்னும் நேரடியான சான்று வேண்டுமென்றால் குவாமான் போமாவைப் படியுங்கள். கெச்சுவாவைத் தாய்மொழியாகக் கொண்ட அவர் 1615 வாக்கில் ஸ்பெயின் அரசருக்கு எழுதிய மிக நீண்ட கடிதம், ஏராளமான கோட்டோவியங்களோடு, கோபன்ஹேகன் அரச நூலகத்தில் இருக்கிறது. 2001 முதல் முழுவதும் இணையத்தில் இலவசம். 400 ஆண்டுக்கு முன்னால் ஒரு ஆண்டிஸ்காரர் ஸ்பானிஷில் உடைமையை எப்படி எழுதினார் என்பதை நீங்களே பக்கம் பக்கமாகப் பார்த்து எண்ணலாம்.

படி 4: உங்கள் கருதுகோளை நீங்களே உடைத்துப் பாருங்கள்

இங்கே நிதானமாக நில்லுங்கள். இந்தத் துறையில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்.

1890களில் சிலேயில் வேலை செய்த ஜெர்மானிய அறிஞர் ரொதோல்ஃபோ லென்ஸ், சிலேயின் பாமரர் ஸ்பானிஷ் என்பது அடிப்படையில் அங்குள்ள பழங்குடியினரான மப்புச்சேக்களின் ஒலிகளோடு பேசும் ஸ்பானிஷ் என்று எழுதினார். கேட்க அழகான முடிவு, நெடுநாள் செல்வாக்கோடும் இருந்தது. 1939இல் அமாதோ அலோன்சோ அதை ஒவ்வொரு ஒலியாக எடுத்துப் பார்த்தார். லென்ஸ் சுட்டிய ஒலிகளில் பெரும்பாலானவை ஸ்பெயினிலும், மப்புச்சேக்கள் காலே வைக்காத மற்ற அமெரிக்கப் பகுதிகளிலும் இருந்தன. கோட்பாடு நிற்கவில்லை. இரண்டு மொழிகளில் ஒரே மாதிரி ஒன்று இருக்கிறது என்பது, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனது என்பதற்குச் சான்று ஆகாது.

நம் 'சு'வை இதே கண்ணால் பாருங்கள். பழைய காஸ்தியானோ, அதாவது ஸ்பெயினின் பழைய ஸ்பானிஷ் நூல்களிலேயே இந்த இரட்டை உடைமை இருக்கிறது. அதாவது வந்திறங்கிய ஸ்பானியர்கள் தங்கள் வாயிலேயே இதைக் கொண்டுவந்திருக்கலாம். 'சு' என்பது அவனது, அவளது, அவர்களது, உங்களது என எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்பதால், யாருடையது என்று தெளிவுபடுத்தப் பின்னால் ஒரு சொல் சேர்ப்பது ஸ்பானிஷின் சொந்தத் தேவையும்கூட. 'சு காசா தே உஸ்தெத்', அதாவது 'உங்கள் வீடு' என்பது இன்றும் சாதாரணமாகக் கேட்கும் மரியாதைத் தொடர். அப்படியென்றால் கெச்சுவாவின் பங்கு என்ன?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட நாலைந்து ஒப்பீடுகள் தேவை. முதலில் சொல்வரிசை. ஆண்டிஸில் 'தே ஹுவான் சு காசா' என்றும் சொல்கிறார்கள், உடைமையாளர் முன்னால், பொருள் பின்னால், 'ஹுவான்பா வாசின்' போகும் அதே வரிசை. பழைய ஸ்பானிஷ் மரபு மட்டுமே காரணம் என்றால் இந்த வரிசை இங்கே ஏன் இவ்வளவு கேட்கிறது என்று விளக்க வேண்டிவரும். இரண்டாவது, தெளிவுபடுத்தத் தேவையே இல்லாத இடங்களிலும் 'சு' வருகிறதா? 'மேசையின் கால்' என்று சொல்லும்போது யாருடைய கால் என்ற குழப்பமே இல்லை. அங்கேயும் 'சு' வந்தால் ஸ்பானிஷின் உள் காரணம் பலவீனமாகிறது. மூன்றாவது, மற்ற தொடர்புப் பகுதிகள். மெக்சிகோவின் நாவாட்டும் யுகாத்தான் மாயாவும் கெச்சுவாவோடு எந்த உறவும் இல்லாதவை, ஆனால் உடைமைப் பொருளின் மீது 'அவனது' என்ற ஒட்டைப் போடுபவை. யுகாத்தான் ஸ்பானிஷிலும் இந்த 'சு' கேட்கிறது.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு. எக்குவடோரின் கிச்சுவா இதே குடும்பத்து மொழி, ஆனால் உடைமை ஒட்டுகளை இழந்துவிட்டது. அங்கே 'ஹுவான்பாக் வாசி', வீட்டின் மீது எதுவும் இல்லை. குஸ்கோவில் 'சு'வுக்குக் காரணம் அந்த 'ன்' தான் என்றால், எக்குவடோர் மலைப்பகுதி ஸ்பானிஷில் அது கணிசமாகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் உங்கள் கருதுகோளைத் திருத்த வேண்டும். ஒரே குடும்பத்தில் ஒட்டு உள்ள மொழியும் இல்லாத மொழியும், இரண்டுமே ஸ்பானிஷோடு பல நூற்றாண்டு ஒட்டி வாழ்ந்தவை. இப்படி ஒரு சோதனை தானாக அமைவது அபூர்வம். முனைவர் பட்ட ஆய்வுக்கு இந்த ஒரு ஒப்பீடே போதும்.

முடிவு பெரும்பாலும் 'இதுவா அதுவா' என்று வராது. ஸ்பானிஷுக்குள் இருந்த ஒரு பழைய வாய்ப்பைக் கெச்சுவா பிடித்து வளர்த்தது என்பது போன்ற விடைகளுக்கு இடம் விட்டு எழுதுங்கள்.

படி 5: அனுமதி

உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் ஒரு தொடக்கம் மட்டுமே. பிரேசிலில் பழங்குடி நிலங்களுக்குள் நுழைய, பழங்குடியினருக்கான அரசு நிறுவனமான ஃபுனாயின் அனுமதி வேண்டும், வெளிநாட்டு ஆய்வாளருக்கு அதற்கு மேலும் ஒப்புதல்கள் உண்டு. மாதக்கணக்கில் ஆகும், பயணச்சீட்டை அதற்குப் பிறகு வாங்குங்கள். பெரு மலைக் கிராமங்களில் சமூகத் தலைவரைப் பார்த்து, ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, என்ன பதிவு செய்யப் போகிறீர்கள், அது எங்கே போகும், ஊருக்கு என்ன கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டால் ஊர்க் குறிப்பேட்டில் எழுதுவார்கள். இதைக் கெச்சுவாவில் சொல்லத் தெரிந்திருந்தால் கூட்டத்தின் முகமே வேறு மாதிரி இருக்கும். வீடுகளுக்குப் போகும்போது ரொட்டி, பழம், கோக்கா இலை ஏதாவது கொண்டுபோவது அந்த ஊர் மரியாதை. தனிநபர் சம்மதத்தைக் காகிதத்தில் கையெழுத்தாக வாங்குவதைவிட ஒலிப்பதிவில் அவரவர் மொழியில் வாங்குவது மேல், படிவங்களைப் பார்த்தாலே பயப்பட அவர்களுக்கு வரலாறு கற்றுக் கொடுத்திருக்கிறது.

அப்புறம் காசு. உங்களோடு உட்கார்ந்து பல மணி நேரம் பேசுபவருக்கும், பதிவை எழுத்தாக்குவதில் உதவும் உள்ளூர் இளைஞருக்கும் ஊதியம் கொடுங்கள். பகுப்பாய்வில் பங்கெடுத்தால் கட்டுரையில் அவர் பெயரும் ஆசிரியராக வர வேண்டும், 'நன்றி' பகுதியில் ஒரு வரி போதாது.

படி 6: பதிவு செய்தல்

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்கப்படாத வேவ் கோப்பு. தலையில் மாட்டும் மைக் இருந்தால் நல்லது, காற்றுத் தடுப்புப் பஞ்சு கட்டாயம். ஆண்டிஸ் சமையலறையில் பேட்டி எடுக்கும்போது தரையில் கினிப் பன்றிகள் ஓடிக்கொண்டே கீச்சிடும், அந்தக் கீச்சொலி ஸ், ஷ் போன்ற உரசொலிகளைத் துல்லியமாக மறைக்கும். பணிவாகக் கேட்டு வேறு அறைக்கு மாறுங்கள். மழைக்காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே எதுவும் கேட்காது. மே முதல் ஆகஸ்ட் வரை வறண்ட காலம், பதிவுக்கு நல்லது, ஆனால் மே, ஜூன் அறுவடையில் ஊரே வயலில் இருக்கும். அங்கேயே போய் வேலை செய்துகொண்டே பேசுவது நல்ல வழி.

எதைக் கேட்பது என்பது இன்னும் முக்கியம். 'நீங்கள் சு காசா தே ஹுவான் என்று சொல்வீர்களா' என்று கேட்டுவிடாதீர்கள். சொல்பவரும் இல்லை என்பார். பெருவில் கெச்சுவா வாடையோடு ஸ்பானிஷ் பேசுபவரை 'மொத்தோசோ' என்று கேலி செய்வார்கள், வேலை, பள்ளி, மருத்துவமனை என எங்கும் இந்த அவமானம் பின்தொடரும். 2009இல் லிமா நாளிதழ் ஒன்று நாடாளுமன்ற உறுப்பினர் இலாரியா சுபாவின் கைக்குறிப்பைப் படம் பிடித்து, அதன் எழுத்துப் பிழைகளை முதல் பக்கத்தில் போட்டு ஏளனம் செய்தது. கெச்சுவாவில் அடிப்படை உயிரொலிகள் மூன்றுதான், எனவே ஸ்பானிஷின் இ, எ இரண்டும், உ, ஒ இரண்டும் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர் கையில் மாறி விழும். அது மொழியியல், அறிவுக்குறைவு அல்ல. இவ்வளவும் தெரிந்த மனிதரிடம் நீங்கள் மைக்கை நீட்டுகிறீர்கள் என்பதை மறக்கக் கூடாது.

நமக்கு வேண்டியது உடைமைத் தொடர்கள். குடும்பப் புகைப்படங்களை எடுத்து வரச் சொல்லி யார் யார் என்று கேட்டால் 'மாமாவின் மகள்', 'பாட்டியின் வயல்' என்று தானாகவே கொட்டும். நிலத் தகராறு, ஆடு மாடு, விழாச் செலவை யார் ஏற்றார்கள் என்ற பேச்சிலும் அப்படித்தான். முடிந்தால் பேட்டியை உள்ளூர்க்காரர் எடுக்கட்டும், வெளியூர்க்காரர் முன்னால் எல்லோரும் பள்ளி ஸ்பானிஷுக்கு மாறிவிடுவார்கள். அதே நபரிடம் கெச்சுவாவிலும் ஒரு பேச்சைப் பதிவு செய்யுங்கள். அது இல்லாவிட்டால், பின்னால் அவருடைய கெச்சுவாவை விட்டுவிட்டுப் புத்தகக் கெச்சுவாவோடு ஒப்பிட வேண்டிவரும்.

படி 7: எழுத்தாக்கம்

ஈலான் மென்பொருள் இலவசம், ஒலியோடு வரிகளை இணைக்கலாம். ஒலியை அளக்க ப்ராட், அகராதியும் உருபன் (பொருள் தரும் சொல்லின் சிறு கூறு) பிரிப்பும் சேர்ந்து வளர ஃப்ளெக்ஸ். ஒரு மணி நேரப் பதிவுக்கு முழு வேலைநாள் போகும் என்று கணக்கு வையுங்கள், இரண்டு மொழியும் கலந்திருந்தால் அதற்கும் மேல். ஸ்பானிஷைத் திருத்தி எழுதாதீர்கள், கேட்டதை எழுதுங்கள். கெச்சுவாவுக்கு மூன்று உயிர் எழுத்தா ஐந்தா என்ற சண்டை குஸ்கோவில் பல பத்தாண்டாக நடக்கிறது. 1985இல் அரசு மூன்றை ஏற்றது, குஸ்கோவின் கெச்சுவா அகாடமி இன்னும் ஐந்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று எழுதி, கடைசிவரை மாறாமல் இருங்கள். உருபன் பிரித்துக் காட்டும்போது வட்டார வேறுபாட்டைக் கவனியுங்கள்: குஸ்கோவில் உயிரில் முடியும் பெயருக்குப் 'பா' வராது, 'மரியாக் வாசின்' என்று 'க்' வரும், பெருவின் இன்னொரு மலைப்பகுதியான அயாகுச்சோவில் அதே இடத்தில் 'மரியாபா வாசின்'.

படி 8: எண்ணுதல்

'சு' வந்த இடங்களை மட்டும் எண்ணினால் ஒன்றும் தெரியாது. வந்திருக்கக்கூடிய எல்லா இடங்களையும், அதாவது உடைமையாளர் சொல்லப்பட்ட எல்லாப் படர்க்கைத் தொடர்களையும் எடுத்து, எத்தனையில் வந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு தொடருக்கும் குறியிடுங்கள்: உடைமையாளர் மனிதரா பொருளா, எது முன்னால் வருகிறது, பேசுபவரின் முதல் மொழி எது, வயது, பள்ளிப்படிப்பு. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் பேசுபவரையும் ஒரு காரணியாகச் சேர்த்துக் கலப்புவிளைவு மாதிரி ஓட்டுங்கள், இல்லாவிட்டால் நிறையப் பேசிய ஒருவரே முடிவைத் தீர்மானித்துவிடுவார். ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்த குஸ்கோக்காரர்களைக் கட்டாயம் சேருங்கள். அவர்களிடமும் 'சு' நிலைத்திருந்தால் அது இருமொழியாளரின் இடைக்கால வழக்கம் அல்ல, அந்த வட்டார ஸ்பானிஷின் இலக்கணமாகவே ஆகிவிட்டது என்று சொல்லலாம்.

படி 9: வைப்பகம், வெளியீடு, திருப்பிக் கொடுத்தல்

2018 செப்டம்பர் 2ஆம் தேதி இரவு ரியோ தெ ஜனெய்ரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது அங்கிருந்த பழங்குடி மொழி ஆவணத் தொகுப்பும் போனது. கைக்குறிப்புகளும் ஒலிநாடாக்களும் சேர்ந்த பல பத்தாண்டு உழைப்பு அது. உங்கள் பதிவுகள் களத்தில் இருக்கும்போதே குறைந்தது இரண்டு பிரதி, வெவ்வேறு கட்டடங்களில் இருக்கட்டும். பிறகு ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகம் நடத்தும் லத்தீன் அமெரிக்கப் பழங்குடி மொழி வைப்பகத்திலோ, பெலெம் நகரின் கொயெல்தி அருங்காட்சியகம் போன்ற உள்நாட்டு நிறுவனத்திலோ சேருங்கள். எதை யார் கேட்கலாம் என்ற கட்டுப்பாட்டைப் பேசியவர்களே முடிவு செய்யட்டும். நிலத் தகராறு பற்றிய பேச்சு பொதுவெளிக்குப் போனால் ஊரில் அடிதடி வரும்.

கட்டுரையை ஆங்கிலத்தில் மட்டும் போட்டால் குஸ்கோ ஆசிரியர் ஒருவரும் படிக்க மாட்டார். லிமாவின் 'லெக்சிஸ்', கம்பினாஸின் 'லியாமெஸ்' போன்ற இதழ்களில் ஸ்பானிஷிலும் போர்ச்சுகீஸிலும் வெளியிடலாம். கெச்சுவாவில் ஒரு சுருக்கமாவது எழுதுங்கள். முடியாத காரியம் இல்லை, 2019 அக்டோபரில் ரொக்சானா கிஸ்பே கொயாந்தெஸ் சான் மார்கோஸில் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை முழுக்கக் கெச்சுவாவில் எழுதி, கெச்சுவாவிலேயே வாதாடிப் பட்டம் வாங்கினார்.

ஊருக்குத் திரும்பும்போது பதிவுகளைப் பென் டிரைவில் மட்டும் கொண்டுபோகாதீர்கள், பல வீடுகளில் கணினி இருக்காது. செல்பேசியில் கேட்கும்படி சிறு கோப்புகளாக வெட்டி, பேசியவர் வீட்டுக்கு அவருடைய பேச்சையே கொடுங்கள். பள்ளி ஆசிரியர்களோடு ஒரு மாலை உட்கார்ந்து, 'சு காசா தே ஹுவான்' எழுதும் பிள்ளை எந்த இலக்கணத்தைப் பின்பற்றுகிறது என்று 'ஹுவான்பா வாசின்' பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். இதற்கான நாட்களையும் செலவையும் நிதி விண்ணப்பத்திலேயே கேட்டு வையுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.